போர்டோ கலவையும் இரும்புக் கத்தியும்

திராட்சை, மிளகு பயிரிடும் விவசாயிகளுக்குப் போர்டோ கலவை புதியதல்ல. மயில்துத்தம் ஒரு கிலோவை 50 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் மயில்துத்தக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் ஒரு சதக் கலவை தயார். தெளிப்பதற்கு முன் கத்தியை அதில் நனைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். கத்தியில் செந்நிறப் படிவு தோன்றினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தோன்றாவிட்டால் தெளிக்கலாம். இது ஏன் என்று கேட்டால் விளக்கிச் சொல்பவர் குறைவு. காரணம் தெரியாததால் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சொல்லிவிட்டு விளக்கத்திற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். அடிச்சாம்பல் நோய்க்காகப் போர்டோ கலவை தெளித்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பந்தல் முழுவதும் இளந்தளிர்கள் கருகி, ஓரம் சுருண்டு கிடந்தன. நோயினால் வந்த கருகல் அல்ல அது. "கத்தி வைத்துப் பார்த்தேனே ஐயா, ஒன்றும் படியவில்லையே" என்றார் தோட்டத்துக்காரர். கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன். வீட்டிலிருந்து வந்தது பளபளவென்று ஒரு எவர்சில்வர் கத்தி. சுண்ணாம்போ பிரித்த மூட்டையில் மாதக்கணக்கில் காற்றுப்பட்டுக் கிடந்த பழைய சுண்ணாம்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தைய பயிற்சியில் "கத்தியை நனைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னவன் நான்தான். எந்தக் கத்தி என்று சொல்லவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை.

மயில்துத்தம் நீரில் கரையும்போது அதிலுள்ள தாமிரம் அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது. தாமிர அயனி என்பது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த தாமிர அணு. எலக்ட்ரான் என்பது எல்லாப் பொருளிலும் உள்ள, எதிர்மின்சாரம் கொண்ட மிகச் சிறிய துகள். இரும்பு தன் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம். தாமிரம் அவ்வளவு எளிதில் விடாது. ஆகவே இரும்புக் கத்தியைத் தாமிர அயனிகள் உள்ள கரைசலில் வைத்தால், இரும்பு அணு தன்னிடமுள்ள இரண்டு எலக்ட்ரான்களைத் தாமிர அயனிக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைசலில் இறங்கிவிடுகிறது. எலக்ட்ரானைப் பெற்ற தாமிரம் மீண்டும் உலோகமாகிக் கத்தியின் மேல் படிகிறது. நீங்கள் காணும் செந்நிறம் அசல் தாமிரமே.

எலக்ட்ரானை இழப்பதற்கு ஆக்சிஜனேற்றம் என்றும், பெறுவதற்கு ஒடுக்கம் என்றும் பெயர். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாவதைப் போன்ற வினைகளைப் பார்த்துத்தான் முதலில் ஆக்சிஜனேற்றம் என்று பெயரிட்டார்கள். ஆனால் நம் கத்தியில் நடந்த வினையில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் பழையது, பொருள் விரிந்துவிட்டது. இவ்விரண்டில் ஒன்று மட்டும் தனியாக நடக்காது. கொடுக்கல் வாங்கல் போலத்தான், ஒருவர் கொடுத்தால் ஒருவர் வாங்கியாக வேண்டும்.

சரியான அளவு சுண்ணாம்பு சேர்ந்துவிட்டால், தாமிரம் கரையாத நீலநிறக் குழம்பாக மாறிவிடுகிறது. இலையில் அது படலமாக ஒட்டிக்கொண்டு சிறிது சிறிதாகவே தாமிரத்தை வெளிவிடும். பூசண வித்துகளைக் கொல்ல அதுவே போதும். சுண்ணாம்பு குறைந்தாலோ, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலுவிழந்திருந்தாலோ, தாமிர அயனிகள் மிஞ்சி நிற்கும். அவை இளந்தளிரின் உள்ளே புகுந்து கருக்கிவிடுகின்றன. மிஞ்சி நிற்கும் அயனிகளைக் காட்டிக்கொடுக்கும் ஆள்தான் இரும்புக் கத்தி. எவர்சில்வரில் உள்ள குரோமியம், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே மூடிக்கொண்டிருப்பதால் உள்ளே இருக்கும் இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்க முன்வருவதில்லை. எத்தனை தாமிரம் மிஞ்சியிருந்தாலும் அது பளபளப்பாகவே வெளியே வரும். துருவேறிய கத்தியும், எண்ணெய் பூசிய அரிவாளும் நம்பத்தக்கவை அல்ல. சாதாரண இரும்பு ஆணி ஒன்றை உப்புத்தாளால் நன்கு தேய்த்து, ஓரிரு நிமிடம் கலவையில் நனைத்து எடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் நல்ல கருவி தேவையில்லை.

இரும்பு டிரம்மிலும் தகர வாளியிலும் மயில்துத்தம் கரைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. ஒரு கிலோ மயில்துத்தத்தில் ஏறத்தாழ 254 கிராம் தாமிரம் உள்ளது. அவ்வளவும் உலோகமாகப் படிந்துவிடுமானால், டிரம்மிலிருந்து சுமார் 225 கிராம் இரும்பு கரைந்து போயிருக்கும். டிரம்மும் ஓட்டையாகும், இலைக்குப் போக வேண்டிய தாமிரமும் டிரம்மின் சுவரில் நிற்கும். தகர வாளியின் மேற்பூச்சு துத்தநாகம். அது இரும்பைவிட வேகமாக எலக்ட்ரானை விடும். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் டிரம் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஒரு யோசனை. துத்தநாகம் கொடுக்கும் எலக்ட்ரான் தாமிர அயனிக்கு நேராகப் போகாமல், ஒரு கம்பியின் வழியே சுற்றிப் போகும்படி செய்தால் என்ன? கம்பியில் எலக்ட்ரான் ஓடுவதுதானே மின்சாரம்? 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டேனியல் என்ற வேதியியல் அறிஞர் இவ்வாறு ஒரு மின்கலம் அமைத்தார். உங்கள் பிள்ளைகளோடு வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, பழைய மோட்டார் சுருளிலிருந்து எடுத்த தாமிரக் கம்பியை மேற்பூச்சு போகச் சுரண்டி அதில் வையுங்கள். நடுவில் மெருகு பூசாத சிறிய மண் குவளை ஒன்றை நிறுத்தி, நெல்லுக்கு இடும் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து அதில் ஊற்றுங்கள். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியின் துத்தநாகக் கூட்டை வெட்டிக் கழுவி எடுத்த துண்டு ஒன்றைக் குவளைக்குள் வையுங்கள். குவளை நன்கு ஊறிய பின், பம்பு மெக்கானிக்கிடம் இருக்கும் மீட்டரை இரண்டு உலோகங்களுக்கும் இடையே இணைத்தால் ஏறத்தாழ 1.1 வோல்ட் காட்டும். துத்தநாகத்தில் ஆக்சிஜனேற்றம், தாமிரத்தில் ஒடுக்கம். மண் குவளையின் நுண்துளைகள் இரு கரைசல்களும் கலந்துவிடாமல் தடுத்து, அயனிகள் மட்டும் மெல்ல நகர வழிவிடுகின்றன. அந்த வழி அடைபட்டால் மின்சாரம் நின்றுவிடும். நெடுநேரம் கம்பியால் இணைத்து வைத்தால் துத்தநாகத் துண்டு மெலியும், தாமிரத்தின் மேல் புதுத் தாமிரம் ஏறும். சோதனை முடிந்ததும் கரைசலைக் கிணற்றுப் பக்கமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ கொட்டாதீர்கள்.

டிராக்டர் பேட்டரியும் இதே இனம்தான். ஈயம், ஈய டை ஆக்சைடு, கந்தக அமிலம் ஆகியவை சேர்ந்த ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2 வோல்ட். டைனமோ வினையைத் திருப்பி ஓட்டுவதால் மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் பீடி கூடாது.

வேண்டாத இடத்தில் தானாக அமைந்துவிடும் மின்கலமும் உண்டு. உப்புத் தண்ணீர் போரில் ஜி.ஐ. குழாயை ஒட்டிப் பித்தளை வால்வு பூட்டினால், வால்வு அப்படியே இருக்கும், அதை அடுத்த குழாய் மரைதான் முதலில் அரிக்கும். உப்புத் தண்ணீர் கரைசலாகவும், குழாயும் வால்வும் இரு உலோகங்களாகவும் ஆகிவிடுகின்றன. இடையே மின்கடத்தாத பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று போட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும்.

கடைசியாக, சோதனைக்கு அரிவாளைப் பயன்படுத்தியிருந்தால், படிந்த தாமிரத்தை உப்புத்தாளால் முழுவதும் தேய்த்தெடுத்துத் துடைத்து வையுங்கள். தாமிரத் திட்டும் ஈரமும் சேர்ந்தால் அரிவாளும் ஒரு மின்கலம்தான். அந்தத் திட்டைச் சுற்றித்தான் முதல் துரு ஏறும்.