விமானத்தை இழுத்த கார் கணியம்பாடிக்கு வந்தால்...

பாரிஸ் விமான நிலையத்தில் 2017-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது.

ஏர்பஸ் ஏ-380 என்பது உலகத்திலேயே மிகப் பெரிய பயணிகள் விமானம். அன்று அங்கே நின்ற விமானத்தின் எடை 285 டன். அதன் முன் சக்கரத்தில் ஓர் இரும்புத் தண்டை மாட்டினார்கள். தண்டின் மறுமுனையை ஒரு காரில் கோத்தார்கள்.

கார் உறுமியது. விமானம் நகர்ந்தது! 42 மீட்டர் தூரம் அந்தக் கார் விமானத்தை இழுத்தது. கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்றது.

அந்தக் காரின் பெயர் போர்ஷே கேயென். ஜெர்மனி கம்பெனியின் தயாரிப்பு. ஜீப்பைப் போல உயரம். பந்தயக் காரைப் போல வேகம். உள்ளே உட்கார்ந்தால் பங்களாவின் கூடத்தில் உட்கார்ந்தது போல இருக்கும். ரேஞ்ச் ரோவர், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-5 ஆகியவையும் இந்த ஜாதிதான். எஸ்.யு.வி. என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

இவை நமக்கு அந்நியமானவை அல்ல. சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில் 2007-ம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. ரேஞ்ச் ரோவர் செய்யும் ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியை 2008-ல் டாட்டா வாங்கிவிட்டார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

புதிதாக வாங்கினால் கேயென் காருக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். பத்து வருஷம் ஓடிய வண்டி என்றால் கால் பங்கு விலைக்குக்கூடக் கிடைக்கிறது. அங்கேதான் ஆசை பிறக்கிறது!

ஒரு குடும்பம், ஒரு வண்டி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அங்கிருந்து பிரியும் பாதை அமிர்திக்குப் போகிறது. அதற்கு அப்பால் ஜவ்வாது மலை.

இந்தக் கணியம்பாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொஞ்சம் நிலம் உண்டு. மலையில் விளையும் புளியை வாங்கி விற்கிறார் குடும்பத் தலைவர். பிள்ளைகளைத் தினமும் வேலூரில் உள்ள பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். வயதான தாயாரை மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய் மலையிலிருந்து புளி மூட்டை கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி போதும் என்று அவர் நினைக்கிறார். கையில் இருபது லட்சம் ரூபாய் இருக்கிறது. நிலத்தில் ஒரு பகுதியை விற்ற பணம். மகளின் மேல்படிப்பும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

"விமானத்தையே இழுத்த வண்டி. நம்ம மூட்டை எம்மாத்திரம்!" என்கிறார் அவர்.

"இழுக்கும், இல்லேன்னு சொல்லலை. ஆனா நடுவழியில நின்னுபோச்சுன்னா யாருங்க பார்ப்பாங்க?" என்று கேட்கிறார் மனைவி.

பழைய சொகுசு வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

45 குதிரையும் 450 குதிரையும்

வயலில் உழுகிற சாதாரண டிராக்டருக்கு 45 குதிரைச் சக்தி. 2003-ம் ஆண்டு கேயென் டர்போ காருக்கு 450 குதிரைச் சக்தி. பத்து மடங்கு!

அப்படியானால் கரும்பு லோடு ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் ஏன் இழுக்கிறது? கார் ஏன் இழுப்பதில்லை?

காரணம் கியரில் இருக்கிறது. டிராக்டர் தன் சக்தியை வேகமாக மாற்றுவதில்லை, இழுவையாக மாற்றுகிறது. சக்கரம் மெள்ளச் சுற்றும். ஆனால் மாடு தோள் கொடுத்தது போல இழுக்கும். காரின் 450 குதிரையோ ஓடுவதற்காகப் பிறந்தவை.

ஓடும் குதிரைக்குத் தீனி ஜாஸ்தி. அப்படிப்பட்ட பெட்ரோல் கார் ஊருக்குள் ஒரு லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. அதனால் இழுவைக்கு டீசல்தான் நல்லது. குறைந்த சுற்றிலேயே டீசல் என்ஜின் பலமாக இழுக்கும். பாரிஸில் விமானத்தை இழுத்ததும் டீசல் கேயென்தான்.

டீசலிலும் ஒரு சங்கடம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் சிறிது தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். விற்கிறவரிடம், "வண்டி எங்கே ஓடியது?" என்று கேளுங்கள். "வீட்டிலேயே நின்றது, அதிகம் ஓடவில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னால், அது அவ்வளவு பெருமை அல்ல.

இழுப்பது பெரிதல்ல, நிறுத்துவதே பெரிது

பாரிஸில் விமானம் நின்றது சமதரையில். இழுத்த தூரம் 42 மீட்டர். ஜவ்வாது மலைப் பாதையோ வளைந்து வளைந்து இறங்குகிறது.

இந்த ரகப் பெரிய வண்டிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவில் கம்பெனியே ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. டிரெய்லரிலும் பிரேக் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால்? 750 கிலோ மட்டும்!

அதே கார், அதே என்ஜின். டிரெய்லரில் பிரேக் இல்லை என்பதற்காக 2,750 கிலோ குறைந்துவிட்டது. கார் வாங்க இருபது லட்சம் எண்ணுகிறவர், டிரெய்லர் பிரேக்குக்குச் சில ஆயிரம் பார்த்தால் என்ன ஆகும்? இறக்கத்தில் மூட்டைகள் வண்டியைப் பின்னால் இருந்து தள்ளும். கார் ஒரு பக்கம், டிரெய்லர் ஒரு பக்கம் என்று மடங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் விற்ற வண்டிக்கு எவ்வளவு இழுவை என்பதை அந்த வண்டியோடு வந்த கையேட்டில் பார்க்க வேண்டும். அதில் எடை எதுவும் எழுதவில்லை என்றால் அந்த வண்டியில் கொக்கி மாட்டக்கூடாது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

பிரேக் எண்ணெய் பழசாக ஆக அதில் ஈரம் சேர்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த எண்ணெய் கொதிக்கும். பெடல் மெத்தையை மிதிப்பது போல உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய வண்டி வாங்கியதும் முதல் வேலையாக பிரேக் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். ஆட்டோமாட்டிக் கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரைக் கையால் போட வழி உண்டு. வாங்குமுன் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

பாரம் ஏற்றுவதற்கும் முறை உண்டு. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு தலை தூக்காது. டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரமானால் டிரெய்லர் வேகத்தில் வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும்.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் அடித்துக்கொண்டு வந்து அப்படியே ரோட்டில் இறக்கிவிட முடியாது. வியாபாரச் சரக்குக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை முதலிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை குறையும், ரிப்பேர் குறையாது

கோடி ரூபாய் வண்டி இருபது லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் உதிரி சாமான்களும் ஐந்தில் ஒரு பங்காக இறங்குமா? இறங்காது! சாமான்கள் கோடி ரூபாய் வண்டியின் சாமான்களாகவே இருக்கும்.

இந்த வண்டிகள் பலவற்றில் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. பை வெடித்தால் வண்டி ஒரு பக்கம் படுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மாலையில் வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

அப்படிக் காலையில் போகும்போது பானெட்டைத் தொட்டும் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். குளிர்ந்த என்ஜினில்தான் குறைகள் தெரியும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம்.

நான்கு டயர்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கிற வண்டியில் இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று போட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டி கெட்டுப்போகும். மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டும். பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். ரப்பரை நம்புங்கள். கம்பெனி சர்வீஸ் கணக்கையும் வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய டீசல் வண்டிகள் இருக்கின்றன. பொலிரோ, ஸ்கார்ப்பியோ, பார்ச்சூனர் போன்றவை. சொகுசு குறைவுதான். பந்தய வேகமும் இல்லை. ஆனால் வேலூரிலோ ஆரணியிலோ இவற்றைத் திறந்து பார்க்கப் பயப்படாத மெக்கானிக் கிடைப்பார். மலைக்கும் மூட்டைக்கும் இவையே ஏற்றவை. மனசு ஜெர்மன் வண்டியிலேதான் நிற்கிறது என்றால், இருபது லட்சத்தில் பதினைந்துக்குள் வண்டியை முடித்து, மீதியை முதல் வருஷ ரிப்பேருக்கு என்று தனியே வைக்க வேண்டும். இருபதுக்கும் வண்டியை வாங்கிவிட்டு ரிப்பேருக்குக் கடன் வாங்குகிற நிலைமை வந்தால், மகளின் படிப்பு என்ன ஆவது?

டில்லி வண்டி, வெள்ள வண்டி

மலிவாக வரும் சொகுசு வண்டிகளில் பல டில்லி நம்பர். காரணம் இருக்கிறது. டில்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது. சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் அதை உறுதி செய்தது. 2025-ல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் ஏராளமான வண்டிகள் தெற்கே வந்தன.

வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் டில்லி அதிகாரிகளின் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். தமிழ்நாட்டில் மறுபடி பதிவு செய்து வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். பன்னிரண்டு வருஷ வண்டி என்றால் மூன்று வருஷத்தில் மறுபடியும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும்.

ஆர்.சி.யில் பேர் மாற்றுவதைத் தள்ளிப் போடக்கூடாது. விற்கிறவருக்கும் இதில் அக்கறை வேண்டும். வண்டியை விற்ற பிறகு விபத்து நடந்தாலும், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

மிஞ்சியது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அப்படியே. மூழ்கிய வண்டிகள் பல ஏலத்துக்குப் போய், கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. இந்த ரகக் கார்களில் நாற்காலிக்கு அடியிலும் கால்மிதிக்கு அடியிலும் மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. தண்ணீர் குடித்த பெட்டி இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து நிற்கும்.

நமது கணியம்பாடிக் குடும்பம் வண்டி பார்க்கப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ஜினைப் பார்க்கிறார். பையன் பாட்டுப் பெட்டியைப் பார்க்கிறான். மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுக்கிறார். பாதி இழுத்ததும் விடவில்லை. கடைசி வரைக்கும் இழுக்கிறார். பெல்ட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த சேறு!

"ஏங்க, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்கிறார்.

அவர் வந்து பார்க்கிறார். பிறகு ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொல்கிறார். அடியில் துரு. தரகர் விலையில் இரண்டு லட்சம் குறைப்பதாகச் சொல்கிறார். பிறகு மூன்று என்கிறார்.

மூன்று பேரும் வேலூர் பஸ் ஏறுகிறார்கள்.