கோங்கம் எது? – அண்ணாமலைச் சாரலிற் கண்ட ஒரு விளக்கம்

சங்க நூல் பயில்வார்க்கு மரஞ்செடி கொடிகளின் பெயர்கள் புதியன அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுள் 99 பூக்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன. அவற்றைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கர் பலர் உளர். ஆயினும், அவற்றுள் எத்தனை மரங்களை நேரிற் கண்டு இன்னது என்று காட்ட இயலும் என வினவின், கற்பிக்கும் நாமே விடை கூறத் தயங்குவோம். இக்குறையை எமக்கு உணர்த்தியது பங்குனித் திங்களில் ஒரு நாள் விடியற்காலையில் திருவண்ணாமலையை வலம் வந்த நடையாகும். அந்நடையிற் கோங்கம் பற்றித் தெளிந்ததை ஈண்டு விளக்குவாம்.

அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழ். குறிஞ்சிப்பாட்டு வகுளம் எனக் குறிப்பது இதனையே என்பது அறிஞர் பலர்க்கும் ஒப்ப முடிந்தது. சிறு தேர்க்கால் போன்ற வடிவும், உலர்ந்த பின்னும் நீங்காத மணமும் உடைய பூவாதலின் இதன்கண் ஐயம் எழுதற்கு இடமில்லை. மேலும், கோயிலில் வைத்து வழிபடப்பட்டமையின், மரமும் பெயரும் பிரியாது நின்றன. கோயிலைக் கடந்து, 14 கிலோமீட்டர் நீளமுள்ள வலப்பாதையிற் செல்லுங்கால், முதிர்ந்த புளியமரங்களும், தளிர்த்த புங்கும், அரும்பிய வேம்பும் நிழல் தருகின்றன. பாதையோரத்து ஆவிரையும் தும்பையும் கபிலர் நிரலில் உள்ளனவே. இவற்றையும் ஊரார் பெயர் மாறாது வழங்குகின்றனர்.

கோங்கத்தின் நிலை இதனின் வேறு. இப்பெயர் இன்று இருவேறு மரங்களுக்கு வழங்குகின்றது. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைவளம் மிக்க காடுகளில் ஓங்கி வளரும் ஓப்பியா இனத்து மரம், பசுமை மாறாதது, சிறு பூக்களை உடையது. மற்றொன்று, கோங்கிலவு எனப்படும் காக்லோஸ்பெர்மம் ரிலீஜியோசம். வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்வது. சங்கப் புலவர் பாடிய கோங்கம் இவற்றுள் எது?

உரை கொண்டு இதனைத் துணிதல் அரிது. பத்துப்பாட்டிற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், இப்பூக்களுட் பலவற்றிற்குப் பெயரையே மீளக் கூறிச் செல்கின்றார். அது குறையன்று, தம் காலத்தார் அறிந்தவற்றை விளக்க வேண்டா எனக் கருதினார் போலும். அவர் விட்ட இடத்தை நாம் நிரப்ப வேண்டுமாயின், பாடல்கள் கூறும் பருவமும் நிலமும் தோற்றமும் எம்மரத்திற்குப் பொருந்தும் எனக் காண்டல் வேண்டும்.

சங்கப் பாடல்களிற் கோங்கம் இளவேனிற்கு உரிய பூ, பாலைத் திணைப் பாடல்களிற் பயில்வது, பொன்னிறம் வாய்ந்தது. இவற்றினும் சிறந்த சான்று நற்றிணையின் 202ஆம் பாட்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ, பல பூக்களையுடைய கோங்கம் அழகு செய்த காட்டிற்குக் கார்த்திகைத் திங்களில் ஏற்றும் விளக்குகளின் நெடிய வரிசையை உவமை கூறுகின்றார். இலைச்செறிவினூடே மறையும் சிறு பூக்கள் இவ்வுவமைக்கு ஏலா.

மலையின் ஒரு பாறைச் சரிவில் யாம் கண்ட கோங்கிலவில் ஓர் இலையும் இல்லை. வளைந்த சாம்பல்நிறக் கொம்புகளின் நுனிதோறும், உள்ளங்கை அகலமுள்ள ஐந்திதழ்ப் பொற்பூக்கள் கதிரவன் ஒளி பட்டு விளங்கின. இலையுதிர்ந்த சரிவில் அவை மட்டும் ஒளிவிட, கார்த்திகைத் தீபத்தாற் பெயர் பெற்ற அவ்வூரிலேயே புலவரின் உவமை எமக்குப் பொருளாயிற்று. பருவம், நிலம், தோற்றம் மூன்றும் ஒத்தலின், சங்கக் கோங்கம் கோங்கிலவே எனத் துணிகின்றோம். ஓப்பியாவைக் கோங்கு என்பார் வழக்கும் பிழையன்று; அஃது அம்மலைநாட்டு வழக்கு. ஒரு பெயர் நிலந்தோறும் வேறு மரத்தைச் சுட்டுதல் இயல்பு. அகராதி கொண்டு மட்டும் பொருள் துணிதலின் இடர்ப்பாடு இதனால் விளங்கும்.

இவ்வகைச் சான்றுகள் என்றும் நிலைத்திருக்கும் எனக் கருதற்கில்லை. விறகு வெட்டலாலும் கோடைத் தீயாலும் வெறும் பாறையாய்க் கிடந்த இம்மலையில், 1980களின் இறுதி தொடங்கித் தொண்டர்கள் நட்டு வளர்த்த மரங்களே இன்று பசுமை தருகின்றன. 2016இல் வலப்பாதையை அகலப்படுத்தும் பணியில் மரங்கள் வெட்டப்பட்டமை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஒரு மரம் அழியின் நிழல் மட்டும் அழிவதன்று. ஒரு பாட்டின் உவமையும் விளக்கமின்றிப் போகும்.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பர். அயலவனுக்குத் தமிழ் நிலத்தைக் காட்டப் பாடிய அப்பாட்டினை, இன்று நாம் அயலவர்போல் நின்று பயில்கின்றோம். ஆதலின், முதுகலை மாணாக்கர் ஆண்டிற்கொரு முறையேனும், இளவேனிற் பருவத்தில், நூலொடு மலைச்சாரலுக்குச் செல்லுதல் வேண்டும். ஊரார் வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பூக்கும் திங்களொடு குறித்து வருவாராயின், இன்னும் ஐயத்திற்குரியனவாய் உள்ள பூக்கள் சிலவேனும் தெளிவுபெறும். எம் துணிபு பொருந்துமா என்பதை அறிஞர் ஆய்ந்து கொள்வாராக.