சாம்பல் யாருடையது?

இறந்தவர் விட்டுச்சென்ற மிச்சம்தான் சாம்பல் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்த உடல்மீது உயிரோடிருப்பவர்கள் செலுத்தும் உரிமை அதில்தான் வெளிப்படையாகிறது. குடும்பம், சாதி, மதம், அரசு எல்லாமே அதற்குப் பாத்தியதை கொண்டாடுகின்றன.

நம் பக்கத்து வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்துக் காடாற்றுகிறார்கள். தணிந்த சாம்பலில் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் இட்டு, பவானி கூடுதுறையிலோ ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கரைக்கிறார்கள். சாஸ்திரம் சொல்லும் மோட்சம் ஒருபக்கம் இருக்கட்டும். 'நம்ம மனுசன் அனாதையாக் கெடக்கக் கூடாது' என்பதுதான் வீட்டாரின் நியாயம். அந்தத் துக்கம் உண்மையானது. அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை.

ஆனால் கலயத்தை யார் தூக்குகிறார்கள்? பெரும்பாலும் மகன்தான். மகள் ஒதுங்கி நிற்கிறாள். சாம்பலைக் கிளறி எலும்பை எடுத்துக்காட்டுகிற வெட்டியான் பெரும்பாலும் தலித். அவருடைய சனங்களுக்குப் பல ஊர்களில் சுடுகாடே தனி. விஞ்ஞானரீதியாகப் பார்த்தால் தசையெல்லாம் ஆவியாகிப்போக, மிஞ்சுவது எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்தான். வளர்ந்த ஆளுக்கு இரண்டு, மூன்று கிலோ. அதில் எந்தச் சாதியும் தெரியாது. சாதியை அதன்மீது ஏற்றுவது சடங்கு.

அரசும் இதையே பெரிய அளவில் செய்கிறது. 1948-ல் காந்தியின் அஸ்தி பல கலசங்களாகப் பிரிக்கப்பட்டு நாடெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஒரு கலசம் வைக்கப்பட்ட இடத்தில்தான் இன்று கன்னியாகுமரி காந்தி மண்டபம் நிற்கிறது. இன்னொன்று கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்தில் பல வருஷம் கிடந்து, 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத்தில் கரைக்கப்பட்டது. மதச் சடங்கு வேண்டாமென்று 1954-ல் உயில் எழுதிய நேரு, ஒரு பிடி சாம்பல் கங்கைக்கு, பெரும்பகுதி விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களுக்கு என்று கேட்டுக்கொண்டார். இங்கே சாம்பலைக் கொண்டே தேசம் என்ற கதையாடல் எழுதப்படுகிறது.

இந்த உரிமையின் கோர முகத்தை இலங்கையில் பார்த்தோம். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இலங்கை அரசோ எரித்தே தீர வேண்டுமென்று உத்தரவு போட்டது. 270-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எரிக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பல குடும்பங்கள் பிரேதத்தைப் பொறுப்பேற்கவே மறுத்தன.

அந்த மறுப்பை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். கபனிட்டு மண்ணில் அடக்குவதே மரபாக உள்ள ஒரு சமூகத்தில் சாம்பலுக்கென்று சடங்கு கிடையாது. அதை வாங்கி வீட்டில் வைப்பதா, கடலில் விடுவதா? துக்கப்படுவதற்கான மொழியையே அரசு அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. 'நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்' என்பது மட்டுமே அவர்களுக்கு மிச்சமிருந்த சடங்கு.

2021 பிப்ரவரியில் தடை விலகியது. மார்ச்சில் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரிந்தவர்களுக்குக் கபுறு மட்டும் இல்லை.

சாம்பலைக் கையில் ஏந்தும் உரிமையும் சாம்பலாகாமல் இருக்கும் உரிமையும் ஒன்றேதான் என்கிறேன். பொரளை வேலியில் கட்டிய துணிக்காகக் குரல் கொடுக்கிற நாம், நம்மூர்த் தனிச் சுடுகாட்டைப் பற்றியும் வாய் திறந்தாக வேண்டும். கலயத்தை மகள் தூக்கினால் என்ன என்று நம் வீட்டுச் சாவிலேயே கேட்டாக வேண்டும்.