சபதத்தைத் தாங்கிய சபை

குடியை விடுகிறேன் என்று தனியாகச் செய்துகொண்ட எத்தனையோ சபதங்கள் அடுத்த சம்பள நாளைக்கூடத் தாண்டியதில்லை. அதே சபதத்தை ஒரு கூட்டத்தின் நடுவே, திறந்து வைத்த பைபிளின் முன் நின்று சொன்னால் மட்டும் ஏன் பலம் கூடுகிறது?

1851இல் அமெரிக்காவின் யூட்டிகா நகரில் உருவான குட் டெம்ப்ளர் சங்கம் இந்தப் பலத்தை நம்பியே எழுந்தது. சிலுவைப் போர்க்காலத்து வீரத்துறவிகளின் பெயரைச் சூடிக்கொண்ட சங்கம் அது. சேருபவருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். வாழ்நாள் முழுக்க மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி கூற வேண்டும். கூட்டம் வாரந்தோறும் நடக்கும். வாசலில் காவலர் கடவுச்சொல் கேட்பார். உள்ளே ஜெபம், பாட்டு, பதவிக்கேற்ற பட்டைத்துணி தோளில்.

இந்தச் சடங்குகள் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தாரிடமிருந்து வந்தவைதான். ஆனால் ஃப்ரீமேசன் சபை பெண்களைச் சேர்க்காது. குட் டெம்ப்ளர்கள் தொடக்க ஆண்டுகளிலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்ற தகுதியில் அல்ல. தன் பெயரில், வாக்குரிமையோடு, பதவி வகிக்கும் உரிமையோடு பெண் உறுப்பினரானாள். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்களிக்க 1920 வரை காத்திருந்தார்கள் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். குடியின் அடியை வீட்டுக்குள் வாங்கியவர்களே கூட்டத்தில் உட்கார்ந்து, சபதம் சொன்னவரை வாரந்தோறும் நேருக்கு நேர் பார்த்தார்கள். இந்தச் சங்கத்தின் பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான்.

சரி, கடவுச்சொல்லும் பட்டைத்துணியும் எதற்கு? வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1959இல் ஆரன்சன், மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளை ஒரு விவாதக் குழுவில் சேர்த்தார்கள். சிலருக்கு மட்டும் நுழையும் முன் கடும் சங்கடம் தரும் சோதனை. பிறகு எல்லோரும் கேட்டது ஒரே சலிப்பூட்டும் விவாதம். கடும் சோதனையைத் தாண்டியவர்களே அதை அதிகம் பாராட்டினார்கள். பட்ட பாடு வீணல்ல என்று மனம் தனக்கே நியாயம் சொல்லிக்கொள்கிறது.

இதைவிட ஆழமானது மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸும் எரிக் பிரெஸ்லரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூடி வாழ்ந்த 83 சமூகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் உறுப்பினர்களிடம் எத்தனை தியாகங்களைக் கேட்டது என்று எண்ணினார்கள். மத அடிப்படையிலான சமூகங்களில், கேட்டது கூடக்கூட ஆயுளும் கூடியது. மதம் சாராதவற்றில் அப்படி நடக்கவில்லை. தியாகம் புனிதமானதாக உணரப்படும்போது, 'இதனால் எனக்கு என்ன லாபம்' என்ற கணக்கு எழுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். குட் டெம்ப்ளர் கூட்டத்தில் பைபிள் நடுவில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிணைப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களைத் தங்கள் கிளைகளில் சேர்க்கத் தென் மாநில வெள்ளையர்கள் மறுத்தார்கள். இதை எதிர்த்து, 1876இல் லூயிவில் நகரில் கூடிய சங்கத்தின் மாநாட்டிலிருந்து ஜோசப் மாலின்ஸ் தலைமையிலான பிரிட்டிஷ் பிரதிநிதிகள் வெளியேறினார்கள். பிரிட்டன் வரை பரவியிருந்த சங்கம் இரண்டாக உடைந்தது. 1887இல் மீண்டும் இணைந்தபோதும் தென்பகுதியில் நிறவாரியான தனிக் கிளைகள் அனுமதிக்கப்பட்டன. பெண்ணுக்குச் சம இடம் தந்தவர்கள் இங்கே தோற்றார்கள். அதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையல்ல.

மதச் சாயலும் சடங்குகளும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. 2020 முதல் மூவெண்டி இன்டர்நேஷனல் என்ற பெயரில், ஸ்டாக்ஹோமைத் தலைமையிடமாகக் கொண்டு இந்த இயக்கம் இன்றும் மதுவுக்கு எதிராக இயங்கிவருகிறது.