யானையா, பன்றியா? கரெக்டா சொல்லுங்க பார்ப்போம்!

சின்னக் கேள்வி. உங்க பர்ஸில் இருக்கும் ஒரு ரூபாய்க் காசில் எத்தனை மிருகம்?

'மூணு சிங்கம்'னு பட்டுனு சொன்னீங்கன்னா பாதி மார்க்தான். புதுக் காசாப் பார்த்து எடுத்து, சிங்கங்களின் காலடியில் இருக்கிற பட்டையை உற்றுப் பாருங்க. நடுவில் சக்கரம், ஒரு பக்கம் காளை, இன்னொரு பக்கம் குதிரை. ஆக, அஞ்சு!

நாணயம் சேர்க்கிறவங்களுக்கு இது விடுகதை இல்லை, நிஜமான தலைவலி. 'மிருகம் போட்ட காசு'ன்னு ஒரு ஆல்பம் ஆரம்பிச்சா, தேசியச் சின்னத்தையும் கணக்கில் சேர்க்கணுமா? சேர்த்தா, 1950-க்கு அப்புறம் வந்த அத்தனை காசும் 'சிங்கம்' பக்கத்தில் போய் உட்கார்ந்துக்கும். ஆல்பம் காலி! அதனால் சின்னம் வேற, படம் வேறன்னு பிரிச்சு வெச்சுக்கிறாங்க. அப்படிப் பார்த்தா 1950 வரிசையில் ஒரு பைசாவில் குதிரை. அரையணா, ஓரணா, இரண்டணாவில் திமில் வெச்ச காளை. 1988-ல் வந்த 25 காசில் காண்டாமிருகம். பாவம், அந்தக் காண்டாமிருகம் 2011 ஜூன் 30-ஓட செல்லாக்காசு ஆயிடுச்சு.

இதெல்லாம் ஈஸி. கஷ்டம் எங்கே ஆரம்பிக்குதுன்னா, எங்க ஊரில்!

போடிநாயக்கனூர்னா ஏலக்காய்தானே ஞாபகம் வரும்? மலையிலிருந்து இறங்குகிற காயைச் சல்லடையில் சலிச்சு, 8 மி.மீ. தனி, 7 மி.மீ. தனி, வெடிச்சது தனி, நிறம் மங்கினது தனின்னு தரம் பிரிக்கிற ஊர். அந்த வேலை பார்க்கிற அக்காக்களிடம் ஒரு கைப்பிடி காயைக் கொடுத்தா, பேச்சை நிறுத்தாமலே நாலு குவியலாக்கிடுவாங்க. இதே ஊர்ப் பெயரில் நாணய உலகத்தில் ஒரு புதையல் இருக்குன்னு காலேஜ் முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு.

முத்திரைக் காசுன்னா அச்சில் வார்த்து எடுத்தது இல்லை. வெள்ளித் தகட்டைத் துண்டு போட்டு, எடை சரியா வர மூலையை வெட்டி, மேலே ஒவ்வொரு முத்திரையா அடிக்கிறது. முன்பக்கம் வழக்கமா அஞ்சு முத்திரை. இடம் போதுதா, ஏற்கெனவே அடிச்சது மேலே ஏறுதான்னு அடிச்சவர் கவலைப்பட்டதாகவே தெரியலை. அதனால் ஒரு காசில் யானையின் பின்னங்கால் மட்டும் இருக்கும். இன்னொண்ணில் தும்பிக்கையோட நுனி. மூணாவதில் யானை முழுசா இருக்கும், ஆனா முதுகு மேலே சூரியன் உட்கார்ந்திருக்கும்! ஒரே முத்திரை விழுந்த பத்து, இருபது காசைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு, துண்டு துண்டாச் சேர்த்துத்தான் முழு மிருகத்தை வரையணும். கேட்லாக்கில் அழகா இருக்கிற ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் இந்த ஒட்டு வேலை இருக்கு.

போடிக் காசுகளின் பின்பக்கத்தில் ஒரு மீன். அந்த மீனை வெச்சுத்தான் இவை பாண்டியர் வெளியிட்டவைன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 'மீன்'னு சொன்னேனே தவிர, முதல் தடவை படத்தைப் பார்த்தப்போ எனக்கு மீனே தெரியலை. செதில் இல்லை, கண் இல்லை. நாலைந்து நேர்கோடு, அவ்வளவுதான். சங்க காலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளிலும் பின்பக்கம் இதே கோட்டு மீன்தான். 1980-களில் இரா.கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொண்டு வந்த 'பெருவழுதி' காசிலும் முன்பக்கம் குதிரை, கூடவே தமிழ் பிராமியில் அரசன் பெயர், பின்பக்கம் கோட்டு மீன். பாண்டியன் பெயரும் அந்தக் கோடுகளும் ஒரே காசில் மாட்டினதும், 'மீன்'ங்கிற வாதத்துக்குப் பலம் கூடிடுச்சு. படத்தை மட்டும் பார்த்து மிருகத்தைச் சொல்லிட முடியாது பாஸ், பக்கத்தில் என்ன இருக்குன்னும் பார்க்கணும்.

போடிப் புதையலைப் பத்தி எழுதினவர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? டி.டி.கோசாம்பி. வரலாற்று ஆசிரியர்னு பலருக்குத் தெரியும். அடிப்படையில் அவர் கணக்கு வாத்தியார்! ஆயிரக்கணக்கான முத்திரைக் காசுகளைத் தராசில் வெச்சு எடை போட்டார். காசு கைமாறக் கைமாறத் தேயும். அதிகம் தேய்ஞ்சது அதிக நாள் புழங்கியது. அந்தத் தேய்மானத்தைப் புள்ளியியலில் போட்டு, எந்தக் காசு முந்தி, எது பிந்தின்னு வரிசைப்படுத்தினார். மேத்ஸ் டிபார்ட்மென்ட் மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அவருக்கு முன்னாடியே இந்த முத்திரைகளைப் பட்டியல் போட ஆரம்பிச்சுட்டாங்க. 1890-ல் தியோபால்ட் என்பவர் மனித உருவம், ஆயுதம் மற்றும் கருவி, மிருகம், மரம், சூரியன் மாதிரியான சமயக் குறி, 'இன்னதுன்னு தெரியாதது'ன்னு பிரிச்சார். எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசிக் குவியல்தான். குன்று மேலே நிற்கும் ஒரு குட்டி மிருகத்தை ஒருத்தர் நாய்ங்கிறார், இன்னொருத்தர் முயல்ங்கிறார். காது கொஞ்சம் நீளமாத் தெரிஞ்சா முயல், வால் சுருண்டிருந்தா நாய். முத்திரை சரியா விழாத காசில் காதும் இருக்காது, வாலும் இருக்காது!

தென்னிந்தியக் காசுகளைக் கேட்லாக் போட்டவர்கள் சிலர் நிஜ மிருகங்களையும் கேட்லாக் போட்டவர்கள். வால்டர் எலியட் 1886-ல் தென்னிந்திய நாணயங்கள் பற்றிப் புத்தகம் போட்டார். அதே மனுஷன் 1839-ல் தெற்கு மராட்டியப் பகுதியின் பாலூட்டிகளைப் பட்டியலிட்டவர். நம்ம ஊர் மர மூஞ்சூறின் அறிவியல் பெயரில் இன்னைக்கும் 'எல்லியோட்டி' ஒட்டியிருக்கு. அடுத்து ஹெண்டர்சன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர், நண்டு ஆராய்ச்சியாளர். 1921-ல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் நாணயங்கள் பற்றி எழுதினார். திப்புவின் செப்புக் காசில் முக்கால்வாசி யானைதான். எல்லாமே யானைன்னா எப்படிப் பிரிக்கிறது? யானை வலப்பக்கம் பார்க்குதா, இடப்பக்கமா? வால் தூக்கியிருக்கா, தொங்குதா? நண்டுக்குக் கால் எண்ணின கண்ணுக்கு இது ஒரு வேலையா!

சில மிருகங்கள் எந்தப் பெட்டியிலும் அடங்காது. விஜயநகர அச்சுதராயர் காசில் ரெண்டு தலைப் பறவை, கண்டபேரண்டம். அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கிட்டுப் பறக்கும். பறவைக் காசா, யானைக் காசா? வராகன்னு ஒரு பொன் காசு. பழைய சாளுக்கியர் காசில் பன்றி இருந்ததால் வந்த பெயர். பிற்கால வராகன்களில் சாமி உருவம் வந்துடுச்சு, பன்றி பெயரில் மட்டும் மிச்சம்.

பன்றின்னதும் 1911 ஞாபகம் வருது. அந்த வருஷ ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜாவின் அங்கி மேலே தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கையும் வாலும் கட்டையா விழுந்ததில், பார்த்தவங்க கண்ணுக்கு அது பன்றி! முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசாங்கம் ஆடிப்போச்சு. அடிச்சது 94 லட்சம் காசு, வெளியே விட்டது 7 லட்சம். மீதியை உருக்கிட்டாங்க. 1912-ல் தும்பிக்கையைத் தெளிவாக்கி மறுபடி வெளியிட்டாங்க. கேட்லாக்கில் அது இன்னமும் 'யானை'தான். ஆனா சேகரிப்பாளர்கள் வாயில் 'பன்றி ரூபாய்'. வரைஞ்சவர் நினைச்சது ஒண்ணு, ஜனங்க பார்த்தது ஒண்ணு. எந்தப் பெயரில் பட்டியல் போடுவீங்க? நானா இருந்தா ரெண்டையும் எழுதுவேன்.

'வீட்டில் பழைய காசு இருக்கே, லட்சக்கணக்கில் போகுமாமே'ன்னு கேட்கிற ஆளா நீங்க? கொஞ்சம் நில்லுங்க. 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. தன் பெயரைச் சொல்லி, பழைய காசு வாங்க, விற்க வரி, கமிஷன்னு பணம் பிடுங்கும் கும்பல் இருக்குன்னு. மண்ணைத் தோண்டும்போது காசுப் பானை கிடைச்சா அது இன்னொரு விஷயம். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தா கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். ராத்திரியோட ராத்திரியா நகைப் பட்டறையில் உருகினால், போறது வெள்ளி மட்டுமில்லை. எந்த இடத்தில், எத்தனை காசு, எதோட எது சேர்ந்து கிடந்ததுங்கிற தகவலும் போயிடும். போடிக் காசுகள் ஒண்ணு ஒண்ணாச் சிதறியிருந்தா, அத்தனையிலும் ஒரே மீன்ங்கிறது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

எங்க வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. தாத்தா ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினவர், கைக்கு வந்த பழைய காசை எல்லாம் அதில் போட்டு வெச்சிருந்தார். 'அப்பத்தா, நான் இதைப் பட்டியல் போடப்போறேன்'னு சொன்னதும் அதுக்கு ஏக சந்தோஷம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தா, எல்லாம் பளபள. "பேரன் பார்க்கப் போறானேன்னு புளி போட்டு நல்லாத் தேய்ச்சு வெச்சேன்யா!"

கோசாம்பியின் தராசு அங்கேயே படுத்துடுச்சு. இருந்தாலும் ஒரு செப்புக் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சேன். உருண்டையா உடம்பு, நாலு கால், முன்னாடி ஏதோ தொங்குது. திண்டுக்கல் சீமை திப்புவின் கையில் இருந்தப்போ இந்தப் பக்கம் வந்த காசாக இருக்கலாம். வலப்பக்கம் பார்க்குது, அதுவரைக்கும் சரி. நோட்டில் 'யானை, வலம்'னு எழுதிட்டு, வால் தூக்கியிருக்கா தொங்குதான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வாலைக் காணோம்.