கொதிக்கும் இன்ஜினுக்கு 34 டிகிரியா?

காரில் கோளாறு என்றால் நம்மில் பலர் உடனே மெக்கானிக்கைத் தேடுவோம். ஆனால் வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தால் சில கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

சென்ற மே மாதம் பெண்ணாடத்துக்குச் சென்றிருந்தேன். அப்பாவின் பெட்ரோல் காரில் மைலேஜ் வெகுவாகக் குறைந்திருந்தது, புகையில் பெட்ரோல் வாடை. கடைத்தெரு நெரிசலில் நின்றபோது பானட்டிலிருந்து ஆவி வந்ததாம். அப்போதும் டெம்பரேச்சர் முள் கீழேயே இருந்திருக்கிறது. அம்மாவை மாதம் ஒருமுறை சிதம்பரத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் கார் அது. பார்த்த மெக்கானிக், "ஸ்கேனர்ல எரர் எதுவும் இல்ல, இசியுவை மாத்திப் பார்க்கலாம்" என்று முப்பதாயிரம் சொல்லியிருந்தார்.

எரர் கோடு இல்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமல்ல. சென்சாரின் ஒயர் அறுந்தால் பி0118, ஷார்ட் ஆனால் பி0117 என்று கோடு வரும். ஆனால் சென்சார் நம்பும்படியாகத் தவறான அளவைச் சொன்னால், பல கார்களில் இசியு (காரின் கம்ப்யூட்டர்) அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

கூலண்ட் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். பல கார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் இருக்கும். இதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓட்டுவது என்று இசியு முடிவு செய்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் பெட்ரோலை அள்ளி இறைக்கும், ஃபேனையும் ஓட்டாது. ஏசி போட்டால் ஓடிய ஃபேன் அணைத்ததும் நின்றுவிட்டது. எனவே ஃபேன் மோட்டாரில் பழுதில்லை.

ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரைச் செருகினேன். (இந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்களே. இந்த வேலைக்கு அவை போதும்.) லேப்டாப்பில் புட்டி சாஃப்ட்வேரைத் திறந்து 01 05 என்று டைப் செய்தால் கூலண்ட் சூடு பதிலாக வரும். எனக்கு வந்தது 41 05 4ஏ. கடைசி எண் ஹெக்ஸாடெசிமல். 4ஏ என்றால் 74. அதில் 40ஐக் கழிக்க வேண்டும். 34 டிகிரி! அரை மணி நேரம் ஓடிய இன்ஜினுக்கு இது சாத்தியமே இல்லை. ஆனால் மே மாத வெயிலுக்குப் பொருத்தமான எண் என்பதால் இசியு ஏமாந்துவிட்டது.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் சூடு குறைவாகக் காட்டும். இரண்டில் எது என்று அறிய, இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். உள்ளிழுக்கும் காற்றின் சூடும் (01 0எஃப்) கூலண்ட் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குக் காற்று 28, கூலண்ட் 14. பெண்ணாடம் என்ன ஊட்டியா? இன்ஜினே ஓடாதபோது தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து ஒயரா, சென்சாரா என்ற கேள்வி. சாவியை ஆஃப் செய்து சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி மீண்டும் ஆன் செய்தேன். திரையில் 41 05 76, அதாவது 78 டிகிரி. ஒயரும் இசியுவும் சரி.

சந்தேகம் தீர, இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் சென்சாரைக் கழற்றினேன். (சூடாக இருக்கும்போது கழற்றினால் கூலண்ட் பீய்ச்சியடித்துக் கையைச் சுட்டுவிடும்.) அதன் முனையை வெந்நீரில் வைத்து, மல்டிமீட்டரும் லேப் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்தேன். 80 டிகிரியில் காட்டியது 1,500 ஓம். இதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், கூலண்ட் விஷம். நான் எடுத்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக் கொண்டேன். அந்தப் பாத்திரம் இப்போது கார் ஷெட்டில் இருக்கிறது.

புது சென்சார் விருத்தாசலத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டி, கூலண்ட் ஊற்றி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன். அடுத்த சிதம்பரம் பயணத்தில் நானே ஓட்டினேன், அப்பா மடியில் லேப்டாப். வழியெல்லாம் 88, 89 என்று வாசித்துக்கொண்டே வந்தார். நெரிசலில் நின்றபோது ஃபேன் தானாக ஓடியது.