இன்ஹேலர் இழுத்தும் தொய்வு அடங்கவில்லையே, ஏன்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மழையில் நனைந்து மக்கிய வைக்கோலைக் கிளறியிருக்கிறீர்களா? புகைபோல எழுவது வெறும் தூசல்ல. பூஞ்சண வித்திகளும் அதில் உண்டு.

அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்தி 2, 3 மைக்ரோன்தான். நீங்களும் நானும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். பெரும்பாலோரின் உடல் சத்தமில்லாமல் துடைத்தெறிந்துவிடும்.

தொய்வுக்காரர் சிலரின் சுவாசக் குழாயில் சளி தடித்துத் தேங்கும். சேற்று வயலில் விழுந்த நெல்லாய் வித்தி அங்கே முளைக்கிறது. உடல் சும்மா இருக்குமா? மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தியவன் கதைதான். பூஞ்சணம் செய்யும் கேட்டைவிட, அதன்மேல் உடல் காட்டும் ஒவ்வாமைதான் குழாயை வீங்கவைக்கிறது. நாளடைவில் அதை மீளாதபடி விரித்தும் விடுகிறது.

வெளியே கேட்பதோ அதே விசில், அதே இருமல். தொய்வு என்றே இருந்துவிடுவோம். எக்ஸ்ரேயில் நிழலைக் கண்டு காசநோய் என்று மயங்குவதும் உண்டு. இங்கிலாந்து மருத்துவர்கள் இந்தப் பூஞ்சண ஒவ்வாமையைத் தனி நோயாக விவரித்ததே 1952இல்தான்.

இதற்கு இன்ஹேலர் மட்டும் போதாது. ஸ்டீராய்ட் குளிசையோ பூஞ்சண எதிர்ப்பு மருந்தோ வேண்டும். சளியில் மண்ணிறக் கட்டி வந்தால், ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.ஈ. இரத்தப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.